இஞ்சியின் வெற்றி

மழை பிடித்துக்கொண்ட மாலை வேளையில், அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து இஞ்சியும் ஏலமும் கலந்த மணம் வந்தால் நம்முடைய வைராக்கியம் எவ்வளவு நேரம் தாங்கும்? நம்மைப் பொறுத்தவரை ஐந்து நிமிஷந்தான்.

வடநாட்டாரின் இந்த மசாலாத் தேநீர் புராதனமானது என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. அஸ்ஸாமின் சிங்போ மக்கள் தேயிலையை முன்பே அறிந்திருந்தார்கள். ஆயினும் 1839-ல் அஸ்ஸாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலம் போனது முதல், வெகு காலம் அது கப்பலேறும் சரக்காகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் வியாபாரிகள் உள்நாட்டாரின் பக்கம் தீவிரமாகத் திரும்பினார்கள். பிரசாரகர்கள் ரயில் நிலையங்களிலும் ஆலைகளிலும் தேநீர் போட்டுக் காட்டினார்கள். கொதிநீரில் இலையை ஊறவைத்துச் சிறிது பால் விடுவதே முறை என்றார்கள்.

ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள், செய்தது வேறு. பாலையும் சர்க்கரையையும் தாராளமாகச் சேர்த்து, இஞ்சி ஏலத்துடன் கொதிக்க வைத்தார்கள். மசாலா மிகுந்தால் இலைச் செலவு குறையுமே என்று வியாபாரிகள் வருந்தினார்கள். வென்றது இஞ்சிதான்! 1930-களில் அஸ்ஸாமில் தோன்றிய ஒரு யந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி மணிமணியாக்கிற்று. அந்தத் தூளின் கடுமை பாலுக்கும் மசாலாவுக்கும் ஈடுகொடுத்தது.

இரண்டு பேருக்குப் பாகம் இது: ஒரு கோப்பைத் தண்ணீரில் தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஏலக்காய் இரண்டு, இலவங்கம் ஒன்று, மிளகு நான்கு. இவற்றை முதலில் நன்றாகக் கொதிக்க விடவேண்டும். பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் சத்து ஒன்று உண்டு. கொதியில் அது அழிந்துவிடும். பிறகு தூள் இரண்டு சிறு கரண்டி, ஒரு கோப்பைப் பால், வேண்டிய சர்க்கரை. இருமுறை பொங்கவிட்டு வடிகட்டிச் சூடாகப் பருகலாம்.

பருகும்போது ஒன்றை நினைக்க வேண்டும். 1921-ல், சொற்பக் கூலியில் உழன்ற ஆயிரக்கணக்கான தொழிலாளர், காந்தி மகாத்மாவுக்கு ஜே என்று முழங்கிக்கொண்டு சார்கோலாப் பள்ளத்தாக்கின் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். இன்றும் அஸ்ஸாமில் கொழுந்து கிள்ளும் கைகள் பெரும்பாலும் ஏழைப் பெண்களுடையவை. பானத்தை நம் வழிக்குக் கொண்டுவந்துவிட்டோம். அவர்களுக்கு நியாயமான கூலி கிடைக்கச் செய்வது இன்னும் பாக்கி. இஞ்சியை வெல்லவைத்த ஜனங்களுக்கு அதுவும் ஆகாத காரியமல்ல.