கவுண்டி சிறையில் இருப்பவருக்குத் துணை

அமெரிக்காவில் ஒருவர் கைதானால் அவர் முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு) சிறைதான். மாநிலச் சிறைகளும் கூட்டாட்சிச் சிறைகளும் நீண்ட தண்டனை பெற்றவர்களுக்கானவை. வழக்கு இன்னும் முடியாதவர்களும், பொதுவாக ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனை பெற்றவர்களும் கவுண்டி சிறையில் இருக்கிறார்கள். நாடெங்கும் இத்தகைய உள்ளூர்ச் சிறைகள் சுமார் 3,000 உள்ளன. பெரும்பாலானவை ஷெரிஃபின் பொறுப்பில் இயங்குகின்றன. அவர் பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரி. 2023-ம் ஆண்டின் நடுவில் எடுத்த கணக்குப்படி, ஒரு நாளில் இந்தச் சிறைகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 6,64,000 பேர். பத்தில் ஏழு பேர் விசாரணைக் கைதிகள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் குற்றவாளிகள் அல்லர். வெளியே இருக்கும் குடும்பம் இதை மறக்காமல் இருப்பது முக்கியம். தண்டனை பெறாத ஒருவரோடு பேசவும் அவரைப் பார்க்கவும் அவருக்கு மருந்து கிடைக்கச் செய்யவும்தான் இத்தனை பாடும்.

சிறைக்குச் சிறை விதி மாறும். ஒரு கவுண்டியில் செல்லுபடியாகும் கடிதம் பக்கத்துக் கவுண்டியிலிருந்து திரும்பி வந்துவிடும். ஆகவே அந்தக் குறிப்பிட்ட சிறையின் விதிகளைப் படிப்பதே முதல் வேலை. கைதானவரின் பெயரையும் பிறந்த தேதியையும் கொண்டு ஷெரிஃப் அலுவலகத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். கைரேகையும் புகைப்படமும் எடுத்துப் பதிவு முடியச் சில மணி நேரம் ஆகும். அதுவரை பெயர் வராது. பெயர் வந்ததும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பணம், கடிதம், சந்திப்பு எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். 1994-ல் கென்டக்கியின் ஜெஃபர்சன் கவுண்டியில் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ‘வைன்’ என்ற அறிவிப்புச் சேவை இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. கைதி வேறிடத்துக்கு மாற்றப்பட்டாலோ விடுவிக்கப்பட்டாலோ அது தகவல் அனுப்பும். குடும்பத்தாரும் அதில் பதிந்துகொள்ளலாம்.

முதல் சில நாட்கள்தான் மிக ஆபத்தானவை. 2000-ம் ஆண்டு முதல் தொகுக்கப்பட்ட அரசுப் புள்ளிவிவரங்களில், உள்ளூர்ச் சிறைச் சாவுகளுக்குத் தனிப்பெரும் காரணமாகத் தற்கொலையே நின்றிருக்கிறது. 2019-ல் நேர்ந்த சாவுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் அப்படிப்பட்டவை. பெரும் பங்கு உள்ளே போன சில நாட்களில், சில வாரங்களில் நிகழ்கிறது. அதிர்ச்சி, அவமானம், வேலை போய்விடுமோ என்ற பயம், போதைப்பொருளோ மதுவோ திடீரென நின்றதால் உடல் படும் வேதனை எல்லாம் அந்த நாட்களில் ஒன்றாகத் தாக்குகின்றன. 2015 ஜூலை 10 அன்று டெக்சாஸில் தடம் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று சாண்ட்ரா பிளாண்டின் காரை ஒரு காவலர் நிறுத்தினார். வாக்குவாதம் கைதில் முடிந்தது. பிணைத்தொகை 5,000 டாலர். அதில் சுமார் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால் வெளியே வந்திருக்கலாம். மூன்று நாள் கழித்து வாலர் கவுண்டி சிறையின் அறையில் அவர் இறந்து கிடந்தார். முன்பு தற்கொலைக்கு முயன்றதாக அவர் சொன்னது சேர்க்கைப் படிவத்தில் எழுதப்பட்டிருந்தும் உரிய கண்காணிப்பு இல்லை. அவர் பெயராலேயே டெக்சாஸ் 2017-ல் ஒரு சட்டம் இயற்றியது.

எனவே குடும்பம் சிறைக்குத் தொலைபேசி செய்து முதலில் கேட்க வேண்டியது மருத்துவப் பிரிவைத்தான். என்னென்ன நோய், என்னென்ன மருந்து, எந்த அளவு, எந்த மருத்துவர், எந்த மருந்துக்கடை, முன்பு தற்கொலை முயற்சி உண்டா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். சொன்னதை எழுத்திலும் அனுப்ப வேண்டும். தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி எதையும் வெளியே சொல்ல ஊழியர்கள் மறுக்கலாம். ஆனால் குடும்பம் சொல்வதைக் கேட்டுக்கொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை. வீட்டு மாத்திரையை அப்படியே வாங்கிக்கொள்ளும் சிறைகள் குறைவு. சிறை மருத்துவர் உறுதி செய்து புதிதாக எழுதித் தர வேண்டும். அதற்குள் வலிப்பு மருந்தோ இன்சுலினோ நின்றுபோகக் கூடாது. தண்டனைக் கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே புறக்கணிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1976-ல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் தீர்ப்பளித்தது. விசாரணைக் கைதிக்கு அதைவிடக் குறைந்த பாதுகாப்பு கிடையாது. யாரிடம், எந்த நேரத்தில் சொன்னோம் என்று குறித்து வைப்பதன் பயன் இங்கேதான் தெரியும். வெளியே கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த கைதியைச் சிறை மறப்பது அரிது.

பிணைப் பணம் முழுவதும் கையில் இல்லாதவர்கள் பிணை முகவரிடம் போகிறார்கள். அவர் வழக்கமாக 10 சதவீதம் வாங்கிக்கொண்டு மீதிக்கு உத்தரவாதம் தருவார். அந்த 10 சதவீதம் வழக்கு எப்படி முடிந்தாலும் திரும்பாது. ஆகவே முகவரிடம் ஓடுமுன் அரசு நியமிக்கும் வழக்கறிஞரிடம் பேசுவது நல்லது. வேலைச் சான்று, வாடகை ஒப்பந்தம், பள்ளிக் குழந்தைகளின் விவரம் ஆகியவற்றைக் குடும்பம் கொடுத்தால், பிணையைக் குறைக்கவோ பணமின்றி விடவோ அவர் வாதாட முடியும். இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பணப் பிணையையே ஒழித்துவிட்டது.

இனி தொலைபேசி. வெளியிலிருந்து கைதியை அழைக்க முடியாது. அவர்தான் அழைக்க வேண்டும். பெரும்பாலான சிறைகளில் குடும்பம் முன்பணம் கட்டிக் கணக்குத் தொடங்க வேண்டும். செக்யூரஸ், இன்று வயாபாத் எனப்படும் ஜிடிஎல் ஆகிய இரு நிறுவனங்கள்தான் இந்தச் சந்தையின் பெரும் பங்கை வைத்திருக்கின்றன. ஒப்பந்தம் பெற நிறுவனம் தன் வருமானத்தில் ஒரு பகுதியைக் கவுண்டிக்குத் தரும் வழக்கம் நெடுநாள் இருந்தது. கவுண்டிக்குக் கிடைக்கும் பங்கு கூடக் கூட, தாயோ மனைவியோ கட்டும் கட்டணமும் கூடியது. பேசுவதற்கு வேறு வழியே இல்லாதவரிடம் இப்படி வாங்குவதை வியாபாரம் என்று சொல்ல மனம் வராது.

இதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் மார்த்தா ரைட். பார்வை இழந்த இந்த மூதாட்டி, சிறையிலிருந்த பேரனோடு பேசுவதற்கான கட்டணத்தைக் கட்ட முடியாமல், மற்றவர்களோடு சேர்ந்து 2000-ல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அவர்களைக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு அனுப்பியது. 2003-ல் அங்கே மனு போட்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 2013-ல்தான் மாநிலங்களுக்கு இடையிலான அழைப்புகளுக்கு ஆணையம் உச்சவரம்பு விதித்தது. மாநிலத்துக்கு உள்ளேயான அழைப்புகள் அதில் அடங்கவில்லை. கவுண்டி சிறையிலிருந்து போகும் அழைப்புகளில் பெரும்பாலானவை அதே மாநிலத்துக்குள் செய்யப்படுபவை. மார்த்தா ரைட் 2015-ல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தாகி அந்த ஓட்டையை அடைத்தது. அதன்படி 2024-ல் ஆணையம் பெரிய சிறைகளில் நிமிடத்துக்கு 6 சென்ட், மிகச் சிறியவற்றில் 12 சென்ட் என்று குரல் அழைப்புக்கு வரம்பு வைத்தது. 2025-ல் அதே ஆணையம் காலக்கெடுவைத் தள்ளிவைத்து, பிறகு வரம்புகளை உயர்த்தவும் முடிவெடுத்தது. ஒரு பாட்டி தொடங்கிய போராட்டம் கால் நூற்றாண்டு தாண்டியும் ஓயவில்லை. நியூயார்க் நகரம் 2019-லும் சான் பிரான்சிஸ்கோ 2020-லும் தங்கள் சிறைகளில் அழைப்புகளை இலவசமாக்கின. மாசசூசெட்ஸ் 2023 டிசம்பர் முதல் கவுண்டி சிறைகளையும் சேர்த்து மாநிலம் முழுவதும் இலவசமாக்கியது. வழியில்லை என்று சொல்லும் கவுண்டிகளுக்கு இவையே பதில்.

அழைப்பு வந்தால், பேச்சு பதிவாகிறது என்ற அறிவிப்பு முதலில் ஒலிக்கும். அது சம்பிரதாயம் அல்ல. அரசு வழக்கறிஞர்கள் அந்தப் பதிவுகளைக் கேட்டு நீதிமன்றத்தில் சான்றாக வைக்கிறார்கள். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைப்பது வீண். மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்பார்கள். அன்று என்ன நடந்தது, யார் இருந்தார்கள், எதை எங்கே வைத்தோம் என்ற பேச்சே கூடாது. உண்மையைத்தானே சொல்கிறோம் என்றாலும் கூடாது. சந்திப்பு அறைக்கும் கைக்கணினிச் செய்திக்கும் இது பொருந்தும். வழக்கறிஞரோடு பேசுவதற்கு மட்டும் பாதுகாப்பு உண்டு, அதுவும் அவருடைய எண் சிறையில் பதிவாகியிருந்தால். இன்னொருவரை இடையில் இணைத்தால் தொடர்பு தானாகத் துண்டிக்கப்படலாம். பல இடங்களில் 15 அல்லது 20 நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குக் குழந்தையின் பள்ளிக்கூடக் கதையும் அன்றைய சமையலும் போதும். உள்ளே இருப்பவர் கேட்க ஏங்குவதும் அதைத்தான்.

நேரில் பார்ப்பது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. தொட்டுப் பேசும் சந்திப்பை விசாரணைக் கைதிகளுக்கு மறுக்கலாம் என்று 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி சிறை பற்றிய பிளாக் எதிர் ரூதர்ஃபோர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல சிறைகளில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அமர்ந்து பேசுவதே வழக்கமாயிற்று. பிறகு அந்தக் கண்ணாடியும் போய்த் திரை வந்தது. காணொளிச் சந்திப்பைக் கொண்டுவந்த சிறைகளில் 74 சதவீதம் நேரடிச் சந்திப்பை நிறுத்திவிட்டன என்று பிரிசன் பாலிசி இனிஷியேட்டிவ் அமைப்பு 2015-ல் கண்டறிந்தது. அதே ஆண்டு டெக்சாஸ் வாரத்துக்கு இரண்டு நேரடிச் சந்திப்புகளைச் சட்டமாக்கியது, சில கவுண்டிகளுக்கு விலக்கோடு. மிச்சிகனின் செயின்ட் கிளேர், ஜெனசி கவுண்டிகளில் நேரடிச் சந்திப்பை நிறுத்தியதை எதிர்த்துக் குழந்தைகளும் பெற்றோரும் 2024-ல் நீதிமன்றம் போனார்கள். தூரத்தில் இருப்பவருக்குக் காணொளி பெரிய உதவிதான். பக்கத்து ஊரில் இருக்கும் பிள்ளைக்கு அதையே ஒரே வழியாக்குவது கொடுமை. சந்திப்பின் பயனுக்குக் கணக்கும் உண்டு. மினசோட்டா மாநிலச் சிறைத்துறை 16,000-க்கும் மேற்பட்ட விடுதலையான கைதிகளை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவின்படி, பார்க்க ஆள் வந்தவர்கள் மறுபடி கடுங்குற்றத்தில் தண்டிக்கப்படும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு.

சந்திப்புக்குப் போகுமுன் பெயரைப் பட்டியலில் சேர்த்து, நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். உடை விதி கடுமையானது. கையில்லாத மேல்சட்டைக்குக்கூடத் திருப்பி அனுப்புவதுண்டு. குழந்தையை அழைத்துப் போவதானால் என்ன பார்க்கப் போகிறது என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. இதற்காகவே செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியினர் 2013-ல் அப்பா சிறையில் இருக்கும் அலெக்ஸ் என்ற பொம்மைப் பாத்திரத்தை உருவாக்கினார்கள்.

கடிதம் மலிவானது, திரும்பத் திரும்பப் படிக்கக் கூடியது. சில சிறைகள் அஞ்சலட்டையை மட்டுமே ஏற்கின்றன. சில சிறைகள் கடிதத்தை ஸ்கேன் செய்து திரையில் காட்டிவிட்டு, மூலத்தைக் கொடுப்பதே இல்லை. வழக்கறிஞரின் கடிதத்தைக் கைதியின் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும். புத்தகத்தைப் பெரும்பாலும் பதிப்பகமோ கடையோ நேரடியாக அனுப்ப வேண்டும்.

சிறைக் கடையில் சோப்பு, நூடுல்ஸ், தபால்தலை வாங்கக் கணக்கில் பணம் போடலாம். இணையத்தில் போட்டால் கட்டணம் பிடிப்பார்கள்; மணி ஆர்டர் ஏற்கும் சிறையில் அதுவே மிச்சம். பழைய நிலுவை இருந்தால் போட்ட பணத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதால் முதலில் சிறிய தொகை போதும்.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாத தமிழருக்கு இன்னொரு வழியும் உண்டு. 1963-ம் ஆண்டு வியன்னா தூதரக உறவு உடன்படிக்கைப்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்க விருப்பமா இல்லையா என்பது பெரும்பாலும் அவர் முடிவு. புகலிடம் கோருபவர் வழக்கறிஞரிடம் பேசாமல் அந்த முடிவை எடுக்கக் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் முடிக்குமுன் அது விசாவை எப்படிப் பாதிக்கும் என்று கேட்பதும் அவசியம்.

விடுதலை பெரும்பாலும் சொல்லாமல் வரும், நள்ளிரவிலும் வரும். தொலைபேசியில் சார்ஜ் இருக்காது, பேருந்து ஓடாது. அழைத்துவர ஒருவர் தயாராக இருக்க வேண்டும். முக்கியமான எண்களைக் கைதி மனப்பாடம் செய்திருக்க வேண்டும். மருந்துச்சீட்டையும் உடைமைகளையும் கேட்டு வாங்க வேண்டும். போதைப் பழக்கம் இருந்தவருக்கு உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவே உயிரைக் குடித்துவிடும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்களின் சாவு விகிதம் பொதுமக்களைவிட 12 மடங்குக்கும் மேல் இருந்தது. ஓபியாய்டு போதைப்பொருள் அளவு மீறினால் அதை முறிக்கும் நலாக்சோன் மூக்குத்தெளிப்பான் 2023 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. வீட்டில் ஒன்று இருக்கட்டும். வழக்கு முடியாமல் வெளியே வந்தவர் அடுத்த விசாரணைத் தேதியைத் தவறவிட்டால் பிடியாணை பிறந்து மறுபடி அதே சிறைக்குப் போக நேரும். தேதியை நினைவூட்டுவதும் நீதிமன்றத்துக்குக் கூடப் போவதும் வழக்கு முடியும்வரை குடும்பத்தின் வேலை.