விரலறிந்து வாங்கும் விசைப்பலகை

கணனிக்குப் பொறிமுறை விசைப்பலகை வாங்கும்போது எதனை நோக்க வேண்டும் என மாணவர் சிலர் வினவுகின்றனர். விலையையும் வண்ண விளக்கையும் பிறகு பார்க்கலாம். தமிழில் எழுதப் போகிறீர்களா என்பதே முதல் வினா.

தமிழ்த் தட்டச்சுப்பொறியை ஆக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். நம் எழுத்துகள் 247. பொறியின் விசைகளோ மிகச் சில. ஆதலால் நகரா விசையை அமைத்தார். அதனை அழுத்தினால் புள்ளி பதியும், தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அப்புள்ளியின் கீழேயே வந்தமரும்.

இன்றும் அதே இடநெருக்கடிதான். 1999இல் வகுத்த தமிழ்99 அமைப்பில் உயிர்கள் இடப்புறம், மெய்கள் பெரும்பாலும் வலப்புறம். ச, ஞ, ய, ழ ஆகியவை ஆங்கிலக் குறியீடுகளுக்குரிய ஓர விசைகளில் உள்ளன. அழகுக்காக அவ்விசைகளை நீக்கிய சிறு பலகையை வாங்கினால், ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதவே இடர்ப்படுவீர்கள்!

ஒவ்வொரு விசையின் கீழும் தனி ஆளியும் சுருள்வில்லும் இருப்பதே இப்பலகையின் சிறப்பு. செரி என்னும் ஜேர்மன் நிறுவனத்தார் இட்ட நிறங்கள் வழக்கில் நிலைத்துவிட்டன. சிவப்பு தடையின்றி இறங்கும். மண்ணிறம் பாதிவழியிற் சிறு தடையை உணர்த்தும். நீலம் அத்தடையோடு ‘டிக்’ என்று ஒலிக்கும். தட்டச்சுப்பொறியிற் பழகிய பெரியவர்களுக்கு நீலம் இன்பமே. நள்ளிரவிற் பக்கத்து அறையில் உறங்குபவர்க்கு அன்று. படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மண்ணிறத்தையே நான் சொல்வேன்.

விசைமூடிகள் கழற்றக்கூடியனவா என்றும் கடையிற் கேளுங்கள். நம் ஊர்ப் புழுதியைத் துடைக்க அவற்றைக் கழற்றத்தான் வேண்டும்.