138 மாடியும் மாசி வீதியும்

பழைய ஹாலிவுட் டிசாஸ்டர் படங்கள் மேல எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஹாஸ்டல்ல எல்லாரும் மார்வெல் போட்டா, நான் மட்டும் 1970கள்ல வந்த படத்தைத் தேடிப் போடுவேன். "என்னடா இது, எங்க தாத்தா கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு"ன்னு ரூம்மேட் கிண்டல் பண்ணுவான். அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா அவனும் கட்டில் விளிம்புல வந்து உட்கார்ந்திருப்பான்.

இந்தக் கிறுக்கு பெரியப்பாகிட்ட இருந்து ஒட்டிக்கிட்டது. மதுரை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல விக்டோரியா எட்வர்ட் ஹால் இருக்கே, அங்க ஓடிய ரீகல் தியேட்டர்தான் அவர் காலத்துல இங்கிலீஷ் படத்துக்கு வாசல். வசனம் ஒண்ணும் புரியாதாம். "புரியறதுக்கு என்னப்பா இருக்கு? கப்பல் கவுந்துருச்சு, எல்லாரும் மேல ஏறணும். இதுக்கு எதுக்கு இங்கிலீஷ்?" என்பார்.

இந்தப் படங்களோட பலம் முழுக்க அந்த ஒரு பதிலில் இருக்கு. 1970ல் வந்த 'ஏர்போர்ட்' இந்த அலையை ஆரம்பிச்சு வச்சது. 1972ல் 'தி பொசைடன் அட்வென்ச்சர்', 1974ல் 'எர்த்குவேக்', அதே வருஷம் 'தி டவரிங் இன்ஃபெர்னோ'. கதை எல்லாத்துலயும் ஒண்ணுதான். ஒரு இடத்துல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, வெளிய வரணும். எங்க இருக்காங்க, எங்க போகணும், நடுவுல என்ன தடை, எல்லாம் நமக்குத் தெளிவாத் தெரியும். இன்னைக்கு வர்ற படங்கள்ல ஒரே ஷாட்டில் நகரமே இடிஞ்சு விழுது. அதுல யார் எங்க நிக்கிறாங்கன்னே புரியறதில்ல.

இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு இதுல கூடுதலா ஒரு சுகம் இருக்கு. 'பொசைடன்'ல கப்பல் ஏன் கவிழுது? அலை மட்டும் காரணமில்ல. அடியில் பாரத்துக்காக நிரப்ப வேண்டிய தண்ணியை நிரப்பல. கேப்டனுக்கு அது தெரியும், ஆபத்துன்னு சொல்றார். கூடவே வந்த கம்பெனி ஆள், நேரமாகுது, ஃபுல் ஸ்பீடுல போங்கன்னு நெருக்கறான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல மெட்டாசென்டர்னு ஒரு பாடம் வந்துச்சே, பாதிப் பேர் சாய்ஸ்ல விட்டோமே, அதுதான். மிதக்குற பொருளோட எடை மேல ஏற ஏற, சாஞ்சா நிமிர்ற சக்தி குறையும். ஒரு செமஸ்டர்ல ஏறாதது எனக்கு அந்த ஒரு சீன்ல ஏறிச்சு.

இதுல என் ஃபேவரிட் 'டவரிங் இன்ஃபெர்னோ'தான். சான் பிரான்சிஸ்கோவுல 138 மாடிக் கட்டடம். 135வது மாடியில திறப்பு விழா பார்ட்டி. 81வது மாடியில ஒரு ஸ்டோர் ரூம்ல தீப்பிடிக்குது. கட்டடத்தை வடிவமைச்சவரா பால் நியூமேன், தீயணைப்புத் தலைவரா ஸ்டீவ் மெக்வீன். காரணம் என்ன? வயரிங். அந்த உயரத்துக்குச் சட்டம் கேட்கறதைவிடத் தரமான வயரிங் வேணும்னு ஆர்க்கிடெக்ட் எழுதியிருப்பார். எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் எடுத்தவன் சைமன்ஸ், முதலாளியோட மருமகன், செலவைக் குறைச்சிருப்பான். கேட்டா எல்லாம் விதிப்படி சரிதான் என்பான். மண்டபத்தை மட்டும் மாத்தினா நம்ம ஊர்க் கதை.

குறைகளும் இருக்கு. அதுல மூணு எனக்கு ரொம்ப உறுத்துது.

முதல் குறை, சாவுக்கும் ஸ்டார் வேல்யூ. 'பொசைடன்'ல பால்ரூம்ல தங்கிட்ட நூத்துக்கணக்கான பேர் தண்ணி உள்ள புகுந்ததும் ஒரே நிமிஷத்துல முடிஞ்சு போறாங்க. அடுத்த சீன்லயே அவங்களை மறந்துடுறோம். ஹீரோ கூடப் போனவங்க மட்டும்தான் மனுஷங்க, மத்தவங்க செட் ப்ராப்பர்ட்டி.

இரண்டாவது, ஒரே வில்லன். 'இன்ஃபெர்னோ'வுல செலவைக் குறைக்கச் சொன்னது முதலாளியும்தான். ஆனா தப்பிக்கப் பார்க்குற சண்டையில சைமன்ஸ் விழுந்து சாகுறான், முதலாளி வருத்தமான முகத்தோட கீழ இறங்கி வந்துடுறார். கணக்கு முடிஞ்சது. நம்ம ஆளுங்க இதை இன்னும் சுருக்கிட்டாங்க. 1980ல் வந்த இந்திப் படம் 'தி பர்னிங் ட்ரெயின்'ல, பொறாமை பிடிச்ச ஒருத்தன் பிரேக்கைக் கழட்டி, குண்டும் வைப்பான். கெட்டவன் ஒருத்தன் இல்லேன்னா நம்ம ரயில் எரியவே எரியாதுங்கற மாதிரி.

மூணாவது, படம் விடியற்காலையோட முடிஞ்சிடும். போர்வை போர்த்திக்கிட்டு எல்லாரும் வெளிய வருவாங்க, இசை, டைட்டில். நிஜத்துல கதை ஆரம்பிக்கிறதே அப்பதான். 2004 ஜூலை 16ல் கும்பகோணம் பள்ளித் தீயில 94 குழந்தைகள் இறந்தாங்க. கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது 2014 ஜூலையில. அந்தப் பத்து வருஷத்தை எந்த டிசாஸ்டர் படமும் காட்டாது, ஏன்னா அதுல ஓடுறதுக்கு ஒரு படிக்கட்டும் இல்ல, கோர்ட்டு வராந்தா மட்டும்தான் இருக்கு.

நம்ம சினிமா மட்டும் ஒழுங்கான்னு கேட்பீங்க. 'தசாவதாரம்' 2008ல் வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோன சுனாமி, அதுல கிருமியை அழிக்கிற க்ளைமாக்ஸ் உத்தியா வரும். சின்ன வயசுல கைதட்டிப் பார்த்திருக்கேன். இப்போ அந்த இடம் வந்தா சங்கடமா இருக்கு. அதே கமல் எழுதின 'அன்பே சிவம்' நேர் எதிர். ரயில் விபத்துல அடிபட்ட ஒரு பையனுக்கு மாதவன் ரத்தம் குடுப்பார், பையன் பிழைக்க மாட்டான். ஒரே ஒரு சாவுதான், ஆனா படம் முடியற வரைக்கும் மனசை விட்டுப் போகாது. மலையாளத்துல 2023ல் வந்த '2018' படமும் அப்படித்தான். கேரள வெள்ளத்துல படகோட வந்த மீனவர்களை முன்னாடி நிறுத்தியிருப்பாங்க. அங்க ஒத்தை ஹீரோ ஜெயிக்கல, ஊரே சேர்ந்து தூக்குது.

இவ்வளவு ஏன் யோசிக்கிறேன்னா, காரணம் இந்த ஊர்.

2020 தீபாவளி, நான் பிளஸ் ஒன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவுல ஒரு ஜவுளிக்கடையில தீ. அணைக்கப் போனவங்க மேல பழைய கட்டடம் இடிஞ்சு விழுந்து தீயணைப்பு வீரர்கள் ரெண்டு பேர் இறந்தாங்க. 138 மாடி எல்லாம் இல்ல. மாசி வீதியை ஒட்டின, ரெண்டு பைக் எதிர் எதிரே வந்தாலே திணறுற சந்து. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்தத் தெருவுலதான் எனக்குச் சட்டை எடுத்தோம். எல்லாக் கடையிலும் படிக்கட்டு வரைக்கும் துணி மூட்டை. அன்னைக்கு எங்களுக்கு அது இடைஞ்சலாத்தான் தெரிஞ்சது, ஆபத்தாத் தெரியல.

2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. மதுரை ஸ்டேஷன்ல நிறுத்தி வச்சிருந்த சுற்றுலாப் பெட்டி எரிஞ்சு 9 பேர் இறந்தாங்க. உத்தரப் பிரதேசத்துல இருந்து கோயில் பார்க்க வந்தவங்க. விதியை மீறி உள்ள கொண்டுவந்த காஸ் சிலிண்டர்தான் காரணம்னு ரயில்வே சொன்னது. வாட்ஸ்அப்ல வீடியோ வந்தப்போ நான் போட்ட முதல் ரிப்ளை என்ன தெரியுமா? "மச்சான், அப்படியே பர்னிங் ட்ரெயின்டா." சாயங்காலம் பெரியப்பாகிட்ட அந்த வீடியோவைக் காட்டினேன். போனைத் திருப்பிக் குடுத்துட்டு, "ராமேஸ்வரம் போற சனம்ப்பா"ன்னு மட்டும் சொன்னார். அந்த ரிப்ளையை அழிச்சுட்டேன். குரூப்ல எல்லாரும் அதுக்குள்ள பார்த்திருந்தாங்க.

அந்தப் படங்கள் எனக்குச் செஞ்ச கெடுதல் இதுதான்னு அப்போ தோணிச்சு. தீயைப் பார்த்தா முதல்ல ஃபிரேம் தெரியுது, அப்புறம்தான் ஆள் தெரியறாங்க.

அதோட படங்களை மூட்டை கட்டிடலாம்னு இருந்தேன். போன வருஷம் இன்டர்ன்ஷிப் வந்து மனசை மாத்திச்சு. ஒரு கட்டட வேலை, எந்த இடம்னு வேண்டாம். ஏசி லைனுக்கு டிராயிங்ல 4 சதுர மில்லிமீட்டர் கேபிள். சைட்ல இழுத்திருந்தது 2.5. செக்லிஸ்ட் என் கையில. "தம்பி, டிராயிங்ல என்ன இருக்கோ அதையே போட்டுக்கங்க"ன்னு சூப்பர்வைசர் அண்ணன் சொன்னார். அவர் கெட்டவர் இல்ல, தினமும் எனக்கு டீ வாங்கித் தந்தவர். நான் 4ன்னு எழுதி டிக் பண்ணிட்டேன்.

கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். குறுக்குப் பரப்பு குறைஞ்சா ரெசிஸ்டன்ஸ் ஏறும். அதே கரண்ட்டுக்கு 2.5ல் வர்ற சூடு 4ல் வர்றதைப் போல 1.6 மடங்கு. 4ன்னு நம்பிப் போட்ட எம்சிபி, 2.5 தாங்காம சூடாகும்போது ட்ரிப் ஆகாம சும்மா பார்த்துக்கிட்டு இருக்கும்.

ராத்திரி ரூமுக்கு வந்து படுத்தா சைமன்ஸ் ஞாபகம். படத்துல அவனுக்கு ஒரு திமிர்ச் சிரிப்பு குடுத்திருப்பாங்க, பார்த்ததுமே வில்லன்னு தெரியும். நான் டிக் பண்ணும்போது சிரிக்கவே இல்லையே. பயந்துக்கிட்டு, மரியாதையா, "சரிங்கண்ணே"ன்னு சொல்லித்தானே பண்ணேன்? ஒத்தை வில்லனைக் காட்டுறது தப்புன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். அந்த மாதிரி ஒருத்தன் இருக்கான்னு நம்பினா, நாம அவன் இல்லைன்னு ஈஸியா நம்பிடலாம்.

ஆனா அந்தப் படம் பார்க்காம இருந்திருந்தா எனக்கு அன்னைக்குத் தூக்கம் போயிருக்காது, அதையும் சொல்லணும். மறுநாள் சைட் இன்ஜினியர்கிட்ட போய், தப்பா எழுதிட்டேன் சார்னு சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஷீட்டை வாங்கி, 4ஐ அடிச்சு 2.5ன்னு திருத்தி, பக்கத்துல என்னைக் கையெழுத்துப் போட வச்சார். "பார்க்கலாம்" என்றார். கேபிளை மாத்தினாங்களான்னு பார்க்கறதுக்குள்ள என் இன்டர்ன்ஷிப் முடிஞ்சிடுச்சு.

'இன்ஃபெர்னோ' கடைசியில தீயணைப்புத் தலைவர் ஆர்க்கிடெக்டைப் பார்த்து, எப்படிக் கட்டணும்னு எங்ககிட்ட யாராவது வந்து கேட்கற வரைக்கும் நாங்க பிணங்களைத் தூக்கிக்கிட்டேதான் இருப்போம்ங்கற அர்த்தத்துல பேசுவார். கேட்கறேன்னு ஆர்க்கிடெக்ட் சொல்வார். பெரியப்பாவுக்கு ரீகல்ல அந்த வசனம் புரிஞ்சிருக்காது. நமக்குப் புரியுது, நாம படிச்சதே இங்கிலீஷ்லதான். இன்னும் சில மாசத்துல நம்ம கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வந்துடும். அதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அந்தப் படத்தைப் பாருங்க. பார்த்து முடிச்சுட்டு, உங்க பிளாக்குல ஃபயர் எக்ஸிட் கதவு பூட்டியிருக்கா, திறந்திருக்கான்னு நடந்து போய்ப் பாருங்க.