பாக்ஸுக்கு முன்னாடி டயர்

மாமாவோட 2013 ஸ்விஃப்ட் டீசலுக்கு டியூனிங் பாக்ஸ் மாட்டணும்னு அவர் பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான். 1.3 லிட்டர் டர்போ, 190 நியூட்டன் மீட்டர் டார்க். மண்டகப்பட்டிலிருந்து விழுப்புரம் போக அது தாராளம். ஆனா இவனுக்குத் திண்டிவனம் ரோட்டுல பஸ்ஸை முந்தணுமாம்.

மலிவான பாக்ஸ் செய்யிறது ஒரு பொய்தான். ரெயில் பிரஷர் சென்சாரோட சிக்னலைக் குறைச்சுக் காட்டும். ஈசியூ அதை நம்பி பிரஷரை ஏத்தும். டீசல் கூடும், அதுக்கேத்த அளவு காத்து கூடாது. கரும்புகை கிளம்பும், டர்போ சூடாகும். டைனோவில் வெச்சு ஒழுங்கா ரீமேப் பண்றது வேற. அதை நான் குறை சொல்லல.

போன வாரம் குனிஞ்சு டயரைப் பார்த்தேன். பக்கவாட்டுல 2316னு இருந்துச்சு, அதாவது 2016-ஆம் வருஷம் 23-ஆவது வாரத் தயாரிப்பு. சுத்தியும் வெடிப்பு. பிரேக் ஆயில் எப்ப மாத்தினதுன்னு மாமாவுக்கே ஞாபகம் இல்ல. இந்த வண்டிக்கு இன்னும் வேகமா?

மச்சான், பாக்ஸுக்கு வெச்சிருக்கிற காசுல முதல்ல நாலு டயர் போடு. அப்புறம் ஏர் ஃபில்டரைப் பாரு, டர்போ ஹோஸ்ல லீக் இருக்கான்னு பாரு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாம மகேந்திரவர்மன் கோயில் குடைஞ்ச ஊருடா நம்மூரு!

சனிக்கிழமை டயர் கடைக்குப் போறோம். பாக்ஸ் பேச்சு மட்டும் இன்னும் ஓயல.