சேறும் சிவப்பழகும்

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறன்று மணப்பெண் கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அமர்ந்திருந்தாள். கடலூரில் நம் பொறுப்பிலுள்ள பங்கில் நடந்தது இது. திருப்பலி முடிந்ததும் அழைத்து விசாரித்தோம். கன்னங்கள் இரண்டும் கன்றி, ஆங்காங்கே தோலுரிந்திருந்தன. களிமண் பூச்சை நாள்தோறும் தடவி, காய்ந்து வெடிக்கும்வரை வைத்திருந்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினாளாம். "மாப்பிள்ளை வீட்டில், போட்டோவில் பார்த்ததைவிடக் கருப்பு என்று சொல்லிவிட்டார்கள் சாமி" என்றார் தாய். மகளோ ஒன்றும் பேசவில்லை.

அறியாத ஒன்றைப் பழிப்பது முறையன்று. ஆகவே சிதம்பரம் சென்றிருந்தபோது ஒரு நாட்டு மருந்துக் கடையில் முல்தானி மட்டி நூறு கிராம் வாங்கினோம். "யாருக்கு ஃபாதர்?" என்றார் கடைக்காரர். "நமக்குத்தான்" என்றோம். அவர் சிரித்ததை மன்னித்துவிட்டோம். முகத்தில் பூசிக்கொள்ள நாணமாயிருந்ததால், இடது முன்கையில் மட்டும் பன்னீரில் குழைத்துப் பூசினோம். வாரம் இருமுறை, ஆறு வாரம். கழுவியவுடன் கை வழவழப்பாயிருந்தது. எண்ணெய்ப் பசை அகன்றது. ஒரு பளபளப்பும் தெரிந்தது. மாலைக்குள் இடக்கையும் வலக்கையும் ஒரே நிறம். ஆறு வாரத்தின் முடிவிலும் அதே நிறம்.

மண்ணின்மேல் நமக்கு வழக்கு இல்லை. முல்தான் நகரின் பெயரைத் தாங்கிய இந்த மண்ணைப் போன்றதொன்றைக் கொண்டுதான் மேலைநாட்டுச் சலவைத் தொழிலாளர் கம்பளியின் எண்ணெயை நீக்கினர். எண்ணெயை உறிஞ்சுவது அதன் குணம். அதை அது நேர்மையாகச் செய்கிறது. நம் மாவட்டத்தாருக்குக் களிமண்ணைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விருத்தாசலத்தில் அது பீங்கானாகிறது. எந்தப் பீங்கான் தொழிலாளியின் கையாவது அதனால் வெளுத்தது என்று கேள்விப்பட்டோமா?

வெளுக்காது. நிறத்தைத் தரும் மெலனின், மேல்தோலின் அடியடுக்கில் உருவாகிறது. மண் தொடுவதோ உச்சியிலுள்ள இறந்த அணுக்களை மட்டுமே. அவை உதிர்ந்து புதியன மேலே வர ஏறத்தாழ ஒரு மாதமாகும், வருவனவும் அதே நிறத்தோடுதான் வரும். மெலனினைச் செய்யும் அணுக்களின் எண்ணிக்கை ஆப்பிரிக்கருக்கும் ஐரோப்பியருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை எவ்வளவு, எவ்வகை நிறமியைச் செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. இன்னொன்றும் உண்டு. நம்மைப் போன்ற கருந்தோலைத் தேய்த்துப் புண்ணாக்கினால், ஆறிய இடம் முன்னிலும் கருத்துவிடும். வெண்மைக்காக நாரெடுத்த அப்பெண்ணின் கன்னத்தில் அதுவே நேர்ந்தது.

யார் அவள் கையில் நாரைக் கொடுத்தவர்? 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' இந்தியச் சந்தைக்கு வந்தது. 'சிவப்பழகு' என்னும் சொல் நம் வீடுகளில் குடியேறியது விளம்பரங்களின் வழியேதான். கருத்த பெண்ணுக்கு வேலையில்லை, வரனில்லை. களிம்பு பூசியபின் இரண்டும் உண்டு என்பதே அவை சொன்ன கதை. கருநிறத்தாரைத் தாழ்வாகக் காட்டலாகாது என்று விளம்பரத் தர மன்றம் விதி வகுத்தது 2014இல்தான். 2020இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகம் கொதித்த பிறகு, அக்களிம்பு 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. சிவப்பு போய்ப் பொலிவு வந்தது. இன்று களிமண் டப்பாக்களின் மேலும் அந்தப் பொலிவுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. வாங்குகிறவருக்கு அதன் பொருள் தெரியாதா என்ன?

மண்ணில் பலன் காணாதவர் அத்தோடு நிற்பதுமில்லை. கேரளத்தின் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுற்ற 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிதான வகை காணப்பட்டது. அந்தப் 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். காரணம் பாதரசம். அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்ப்பதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் முகவரியற்ற டப்பாக்கள் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வணிகரை ஏசிவிட்டுக் கைகழுவுவது எளிது. ஆனால் அவர் நம்மிடமிருந்து கற்றதையே நமக்கு விற்கிறார். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாராட்டாதவர் நம்மில் எத்தனை பேர்? அந்த 'இருந்தாலும்' என்னும் சொல்லில்தான் நஞ்சு இருக்கிறது. குருமடத்தில் இனிமைமிகு பாடலைப் பயின்றபோது ஒன்றைக் கவனித்தோம். அதன் தலைவி தன் கருநிறத்தையும் தன் அழகையும் ஓரே மூச்சில் சொல்கிறாள். இரண்டையும் இணைக்கும் எபிரேய இடைச்சொல்லுக்கு 'உம்' என்றும் பொருள் கொள்ளலாம், 'ஆனால்' என்றும் பொருள் கொள்ளலாம். இலத்தீன் மொழிபெயர்ப்பு 'ஆனால்' என்பதையே தேர்ந்தெடுத்தது. நூற்றாண்டுகளாக ஓதப்பட்டது அதுதான். மறைநூலை மொழிபெயர்த்தவரே அப்படியென்றால் கல்யாணத் தரகரை நொந்து என்ன பயன்? நம் கோயில்களில் நாசரேத்தூர் மரியாவுக்கு இளஞ்சிவப்புக் கன்னம் தீட்டி, அவள் முன் நம் பெண்களை முழந்தாளிடச் செய்து வளர்த்தவர்களும் நாமே.

தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் வலை இழுக்கிறவர் வெயிலில் கருத்தே உழைக்கிறார். அந்த வருவாயில் மகளுக்கு வெள்ளை நிறம் வாங்கச் சொல்கிறோம். மாப்பிள்ளை வீட்டாரை நேரில் கண்டு இதைச் சொன்னோம். மாப்பிள்ளையின் தந்தையும் நம் நிறத்தவரே. நெடுநேரம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெண்கள் பேசியது, சாமி" என்றார். பெண்களோ அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. திருமணம் குறித்த நாளில் நடந்தது. தோல் மருத்துவரின் மருந்தால் புண் ஆறியிருந்தது, தழும்பு மட்டும் இருந்தது.

நம் பங்கு அலுவலகத்தில் வரன் தேடுவோருக்கென ஒரு படிவம் உண்டு. கல்வி, வேலை, உயரம் என்ற வரிசையில் 'நிறம்' என்றும் ஒரு கட்டம் இருந்தது. அத்தனை ஆண்டுகளாக அது நம் கண்ணில் படவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். திருமணம் முடிந்த வாரமே கையிருப்பிலிருந்த படிவங்கள் அனைத்திலும் அக்கட்டத்தைப் பேனாவால் அடித்தோம். முதலில் நிரம்பி வந்த படிவத்தில், அடித்த கோட்டுக்கு மேலேயே, அழகான கையெழுத்தில், 'மாநிறம்' என்று எழுதியிருந்தது.