தொழுநோய் ஒழிந்ததா, கணக்கிலிருந்து நீக்கப்பட்டதா?

கொல்கத்தாவின் அலிப்பூரில் இன்று தேசிய நூலக வளாகத்தில் நிற்கும் பெல்வெடேர் மாளிகை, பிரிட்டிஷ் ஆட்சியில் வங்காள லெப்டினன்ட் கவர்னரின் உறைவிடமாக இருந்தது. அவரது மாகாண ஆட்சி, ஏழைத் தொழுநோயாளிகளை அடைத்து வைக்க 1895இல் சட்டம் இயற்றியது. 1898இல் அதே நோக்கத்துடன் அனைத்திந்தியச் சட்டம் வந்தது.

தொழுநோய் எளிதில் தொற்றுவதன்று, கட்டாயத் தனிமைப்படுத்தலால் அதனை ஒழிக்க இயலாது என்று 1890-91இல் இந்தியாவில் ஆய்வு செய்த தொழுநோய் ஆணையம் ஏற்கெனவே கூறியிருந்தது. எனினும் சட்டம் வந்தது. பொது இடத்தில் பிச்சை கேட்கும் நோயாளியையும், பிழைக்க வழியின்றித் திரியும் நோயாளியையும் வாரண்டு இன்றியே கைது செய்யக் காவல்துறைக்கு அது அதிகாரமளித்தது. அதே நோய் கண்ட ஜமீன்தாரை அவரது மாளிகையிலிருந்து யாரும் இழுத்துச் செல்லவில்லை. கிருமிக்கு வர்க்க பேதம் இல்லை, சட்டத்திற்கு இருந்தது. செல்வந்தர்களின் தெருக்களிலிருந்து ஏழை நோயாளியை அப்புறப்படுத்துவதே அதன் பணி.

நோயை முற்றிலும் குணப்படுத்தும் கூட்டுமருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1982இல் பரிந்துரைத்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டமோ 2016 வரை நீக்கப்படவில்லை.

2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற இலக்கு எட்டப்பட்டதாக ஒன்றிய அரசு அறிவித்தது. இந்த விகிதம் சிகிச்சைப் பதிவேட்டில் இருப்போரை மட்டுமே எண்ணுகிறது. தீவிர வகை நோய்க்கான சிகிச்சைக் காலம் 24 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைக்கப்பட்டபோதே பதிவேடு சுருங்கிவிட்டது. கண்டறியப்படாத நோயாளி அதில் இடம்பெறுவதே இல்லை. மருந்தின் சாதனையை மறுப்பதற்கில்லை. ஆனால் அறிவிப்புக்குப் பின் வீடுவீடாகத் தேடும் பணி தளர்ந்தது. அதற்கெனப் பயிற்சி பெற்ற ஊழியர் அமைப்பு கரைந்தது.

விளைவு கண்கூடு. 2023இல் உலகில் கண்டறியப்பட்ட சுமார் 1.83 லட்சம் புதிய நோயாளிகளில் 1.07 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியர். மேற்கு வங்கத்தின் புருலியா, பாங்குரா போன்ற வறிய மாவட்டங்களில் நோய் இன்றும் தொடர்கிறது. நெருக்கடியான குடியிருப்பும் ஊட்டமின்மையும் உள்ள இடமே அதன் இருப்பிடம். உணர்வற்ற தோல்திட்டைத் தாமதமாகக் கண்டால், மருந்து கிருமியைக் கொல்லும். சிதைந்த நரம்பையும் மடங்கிய விரலையும் மீட்டுத் தராது. கூலி உழைப்பாளிக்கு விரல்களே வாழ்வாதாரம்.

2027க்குள் நோய்ப் பரவலையே நிறுத்துவதாக இப்போது புதிய இலக்கு பேசப்படுகிறது. நோயாளியைத் தேடிச் செல்லும் ஆஷா ஊழியருக்கோ ஊதியம் இல்லை, ஊக்கத்தொகைதான். பாகுபாட்டை ஒழிக்கச் சட்ட ஆணையம் 2015இல் தனது 256ஆவது அறிக்கையில் முன்வைத்த மசோதா இன்றுவரை சட்டமாகவில்லை.

வீடுவீடான தேடலை நிரந்தரப் பணியாக்குவது, ஆஷாக்களை அரசு ஊழியராக்குவது, ஊனமுற்றோருக்கு அறுவை சிகிச்சையும் ஓய்வூதியமும் உறுதிசெய்வது, பாகுபாட்டு ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றுவது ஆகிய கோரிக்கைகளை உழைக்கும் மக்களின் இயக்கம் தனதாக்கிக்கொள்ள வேண்டும். அன்று சுவருக்குள் மறைக்கப்பட்ட ஏழை நோயாளி, இன்று சதவீதத்திற்குள் மறைக்கப்படுவதை அனுமதிக்க முடியாது.