240 மணி நேரம் கேட்கப் பழகியவர்

அமெரிக்காவில் பள்ளி ஆலோசகராவதற்கான முதுகலைப் படிப்பின் சேர்க்கை விதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பட்டம், மதிப்பெண், பரிந்துரைக் கடிதம் எல்லாம் வழக்கமானவைதான்; என்னை நிறுத்தியது நேர்காணல். பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பதாரர்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவிடுகிறார்கள். அடுத்தவர் பேசும்போது இவர் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் இருக்கும். நம் ஊர் குழு விவாதத்தில் குரலை உயர்த்தி முந்துகிறவருக்கு அங்கே இடம் கிடைப்பது சந்தேகமே. உள்ளே போனால் இன்னும் கறார். ஆலோசனைப் படிப்புகளை மதிப்பிடும் கேக்ரெப் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் 100 மணி நேர முன்பயிற்சி, பிறகு 600 மணி நேரக் களப்பயிற்சி, அதில் 240 மணி நேரம் நேரடி ஆலோசனைப் பணி. பெரும்பாலும், உரிய அனுமதி வாங்கி, உரையாடலைப் பதிவுசெய்து மேற்பார்வையாளருக்குப் போட்டுக்காட்டவும் வேண்டும். வீட்டைப் பற்றிச் சொல்ல வந்த பிள்ளை பாதியில் தயங்கியிருக்கும். பயிற்சி மாணவரோ அந்த இடைவெளியைப் பொறுக்காமல் ஓர் அறிவுரையைச் செருகியிருப்பார். எல்லாம் பதிவில் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் பேராசிரியரை வைத்துக்கொண்டு தன் அவசரத்தைத் தானே கேட்பதைப் போல கொடுமையான பரீட்சை வேறில்லை. எழுத்துத் தேர்வெல்லாம் சும்மா. இத்தனையும் முடித்து வேலைக்குப் போனால், ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்று அவர்களுடைய தேசியச் சங்கம் பரிந்துரைக்கும் அளவைப் பெரும்பாலான மாநிலங்கள் இன்னும் எட்டவில்லை. போதாததற்குப் பாட அட்டவணை போடுவதும் பொதுத்தேர்வு ஏற்பாடுகளும் பல பள்ளிகளில் இவர் தலையில்தான் விழுகின்றன. விடைத்தாள் கட்டை எண்ணி அடுக்க முதுகலைப் பட்டம் எதற்கு என்று அங்கே யாராவது கேட்டால், நான் அவர் கட்சி.